வரப்பின் சோர்ஸ் கோடு

அடுத்தவர் செய்த தப்பைத் திருத்துவதைப் போல ருசியான வேலை உலகத்தில் கிடையாது. சம்பந்தப்பட்டவர் ஊரில் இல்லாத சமயமாகப் பார்த்துத் திருத்தினால் ருசி இன்னும் கூடும். அந்த ருசி அவர் ஊர் திரும்பும் வரைதான் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

எனக்கு இது தெரிய வந்தது ஒரத்தநாடு பக்கம் எங்கள் வயலில், முழங்கால் சேற்றில் நின்றபோது. என்னைச் சுற்றிப் பாதி ஊர் நின்றது. மீதிப் பாதி டீக்கடையிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தது.

அதற்கு முன்னால் கீரியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

நானும் செல்வியக்காவும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, பெரியப்பா (என் அப்பாவின் அண்ணன், செல்வியக்காவைப் பெற்றவர்) சிங்கப்பூரிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்தார். கூடவே ஒரே ஒரு கேசட். அதில் ஒரு பிராணி குடையைப் பிடித்துக்கொண்டு ஓடும், குதிக்கும், நீந்தும். ஜப்பான்காரர்கள் அதை என்னவாக நினைத்து வரைந்தார்களோ, எங்களுக்கு அது கீரிப்பிள்ளை. (அப்பா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு “பெருச்சாளி நல்லா நீந்துதே” என்றார். நாங்கள் அவரோடு சில நாள் பேசவில்லை.)

அந்த விளையாட்டில் தண்ணீர்க்கோட்டை என்று ஒரு கட்டம் உண்டு. கீழே தண்ணீர் ஏறிக்கொண்டே வரும். அது கழுத்துக்கு வருவதற்குள் கீரி மேலே போய்விட வேண்டும். நியாயமான வழியில் எங்களால் ஒருநாளும் முடிந்ததில்லை. செல்வியக்காதான் கண்டுபிடித்தாள்: இடது மூலையில் குடையை விரித்தபடி சுவரில் முட்டி முட்டிக் குதித்தால், கீரி சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்துவிடும். அது ஜப்பானில் யாரோ கவனக் குறைவாக விட்டுவிட்ட பிழை என்பது எங்களுக்குத் தெரியாது. அதுதான் வாசல் என்றே நினைத்திருந்தோம். உலகம் முழுக்க அந்த விளையாட்டை ஆடிய பிள்ளைகள் எல்லாரும் அந்த வாசல் வழியாகத்தான் போனார்கள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

எப்படித் தெரிந்தது என்றால், நான் வளர்ந்து, கம்ப்யூட்டர் படித்து, சென்னையில் ஒரு நிறுவனத்துக்கு எங்கள் ஊர் மாடியறையில் இருந்தபடியே வேலை பார்க்க ஆரம்பித்த காலத்தில், கீரி ரசிகர்கள் கூடும் ஒரு குழுவில் சேர்ந்தேன். நிறுவன வேலை சோற்றுக்கு. குழு வேலை மனசுக்கு. அந்தக் கேசட்டுக்குள் இருப்பது வெறும் எண்கள். ஜப்பானில் அந்த மனிதர்கள் உட்கார்ந்து எழுதிய மூல நிரல், அதாவது சோர்ஸ் கோடு, எங்கே போனதோ யாருக்கும் தெரியாது. அந்த எண்களைப் பார்த்துப் பார்த்து, இதற்கு முன்னால் அவர்கள் என்ன எழுதியிருப்பார்கள் என்று யூகித்து, நாங்களே ஒவ்வொரு பகுதியாக எழுதுவோம். எழுதியதை அவர்கள் காலத்துப் பழைய கம்பைலரில் போட்டு எண்களாக்கிப் பார்ப்போம். கேசட்டில் இருக்கும் எண்களும் எங்களுக்கு வரும் எண்களும் ஒன்றுகூடப் பிசகாமல் அச்சாகப் பொருந்த வேண்டும். பொருந்தினால் திரை பச்சை. ஓர் எண் தவறினாலும் சிவப்பு.

அம்மாவுக்கு இதை விளக்க ஒருநாள் முயன்றேன்.

“குழம்ப சாப்ட்டுப் பாத்துட்டு, அதுல என்னென்ன போட்டாங்கன்னு கண்டுபுடிக்கிறதும்மா. என்ன போட்டாங்கன்னு மட்டும் இல்ல, எத முதல்ல போட்டாங்க, எத அப்பறம் போட்டாங்க, எல்லாம்.”

“உப்பு கூட இருந்தா?”

“கூடவேதான் போடணும்.”

“கொறைக்கக் கூடாதா?”

“கூடவே கூடாது.”

அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, அடுத்த வீட்டில் போய், “பாப்பா கம்ப்யூட்டர்ல பழைய கேம் எல்லாம் ரிப்பேர் பண்ணிக் குடுக்குது” என்று சொன்னாள். ரிப்பேர் பண்ணாமல் இருப்பதுதான் எங்கள் வேலையே என்பது அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் ஒரே தவறைச் செய்வார்கள். பழைய நிரலில் ஒரு பிழையைப் பார்த்ததும் கை அரிக்கும். சுவர்ப் பிழையைச் சரிசெய்து பெருமையாக அனுப்பி வைப்பார்கள். அவர்களைப் பிடித்து உலுக்கும் பொறுப்பை நானாகவே எடுத்துக்கொண்டேன். யாரும் என்னை நியமிக்கவில்லை. “இருந்தது இருந்தபடி எழுதுவதுதான் வேலை. அவர்களுக்குப் பரீட்சைத் தாள் திருத்த உன்னை யார் கூப்பிட்டது?” என்று நான் எழுதிய கண்டனங்களைப் படித்து, ஒரு போலந்துக்காரர் குழுவை விட்டே போய்விட்டார். அப்பேர்ப்பட்ட ஆள் நான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்தப் புரட்டாசியில் செல்வியக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஐப்பசியில் முகூர்த்தம். கல்யாணத்தைவிடப் பெரிய அதிசயம் வேறொன்று நடந்திருந்தது. அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொண்டார்கள். பாகம் பிரித்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு அவ்வப்போது அறுந்து போகும். கடைசியாக அறுந்ததற்குக் காரணம், வேலியோரத் தென்னையிலிருந்து எந்தப் பக்கமாக விழுவது என்று யோசிக்காமல் விழுந்த ஒரு தேங்காய். செல்வியக்கா கல்யாணம் என்றதும் பெரியப்பாவே வீட்டுக்கு வந்தார். “தம்பி, சித்தப்பன் முன்ன நின்னாத்தான் எம்பொண்ணு கல்யாணம்” என்றார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் அழுவது யாருக்கும் தெரியவில்லை என்று இன்றுவரை நம்புகிறார்.

எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லி மாளாது. கூடப் பிறந்த அக்கா எனக்குக் கிடையாது. செல்வியக்காதான். அப்பாக்கள் பேசாத வருஷங்களில் நாங்கள் கோயிலிலும் பஸ்ஸிலும் ஒளிந்து ஒளிந்து பேசினோம். அவள் கழுத்தில் தாலி ஏறும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்கு இந்த இரண்டு பேரும் ஐப்பசி வரைக்கும் சண்டை போடாமல் இருக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

பத்திரிகை வைக்க ஒரு வேன் பிடித்து இரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் ஒன்றாகக் கிளம்பினார்கள். பட்டுக்கோட்டையில் ஆரம்பித்து, கோடியக்கரை வரைக்கும் போய், நாகப்பட்டினம் சுற்றித் திரும்புவதாகத் திட்டம். கல்யாணப் பெண் பத்திரிகை வைக்கப் போகக்கூடாது என்பதால் செல்வியக்கா ஊரில் இருந்தாள். எனக்கு லீவு கிடைத்திருந்ததால், வயலைப் பார்த்துக்கொள்ள நானும் இருந்தேன். வேனில் ஏறும்போது அப்பா சொன்னார்:

“பாப்பா, சேறடிச்ச வயலுக்குத் தண்ணி கட்டணும். காலையில த்ரீ ஃபேஸ் கரண்டு வந்ததும் மோட்டாரப் போடு. வயல் நெறஞ்சதும் நிறுத்திடு. போய்ப் பாத்து நிறுத்தணும். அவ்வளவுதான்.”

“இதெல்லாம் ஒரு வேலையாப்பா?” என்றேன்.

மறுநாள் காலையில் மோட்டாரைப் போட்டேன். மாடிக்குப் போனேன். அப்போது என் பொறுப்பில் இருந்தது தண்ணீர்க்கோட்டைப் பகுதி. அதிலும் தண்ணீர் மட்டம் எவ்வளவு வேகமாக ஏற வேண்டும் என்று கணக்குப் போடும் துண்டு. எல்லா எண்ணும் பொருந்திவிட்டன, ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுக்காக நான் வரிகளை முன்பின்னாக மாற்றினேன், பிரித்தேன், சேர்த்தேன், கெஞ்சினேன். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. தூரத்தில் மோட்டார் சத்தம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது கவனம் குவிய ரொம்ப வசதியாக இருந்தது. திரையில் தண்ணீர் ஏன் சரியாக ஏறவில்லை என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், வயலில் அது மிகச் சரியாக ஏறிக்கொண்டிருந்தது.

செல்வியக்கா ஓடி வந்து கதவைத் தட்டியபோதுதான் நிமிர்ந்தேன்.

“அடியே, வயலப் போய்ப் பாரு! வரப்பக் காணோம்!”

உடைந்துபோச்சு என்றால் புரிந்திருக்கும். காணோம் என்றாள். போய்ப் பார்த்தால் நிஜமாகவே காணோம். எங்கள் வயலுக்கும் பெரியப்பா வயலுக்கும் நடுவே இருந்த வரப்பு முழுக்க நண்டு வளை. தண்ணீர் ஒவ்வொரு வளையாக நுழைந்து பார்த்திருக்கிறது. வரப்பு ஊறிக் கரைந்து அப்படியே படுத்துவிட்டது. பெரியப்பாவும் சேறடித்துப் போட்டிருந்ததால் இரண்டு வயலும் ஒரே சேற்றுக் குளமாகக் கிடந்தன. தாத்தா காலத்துக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினை ரத்தானது அன்றைக்குத்தான். நாலைந்து கொக்குகள் இரண்டு பக்கமும் பேதமில்லாமல் மேய்ந்தன.

மோட்டாரை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். தேங்காய்க்கே பேசாமல் இருந்தவர்கள். வரப்பே போய்விட்டது என்றால்?

“பயப்படாத” என்றாள் செல்வியக்கா. “பயிர் ஒன்னும் இல்லயே, சேறுதான. மாரியப்பன் அண்ணனக் கூப்ட்டு, பழைய தடத்துலயே மண்ணப் போட்டு எழுப்பிடலாம். அவங்க வர்றதுக்குள்ள காஞ்சிடும்.”

எவ்வளவு நல்ல யோசனை. நான் மட்டும் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

மாரியப்பன் அண்ணன் வரப்பு வேலையில் ஊருக்கே பேர் போனவர். மண்வெட்டியோடு வந்து நின்றார். கரைந்துபோன வரப்பின் தடம் அங்கங்கே மேடாகத் தெரிந்தது. அதை நான் குனிந்து பார்த்தேன். பார்த்ததும் எனக்குள் இருந்த ஆராய்ச்சிக்காரி விழித்துக்கொண்டாள். அந்தத் தடம் நேராக இல்லை. மேற்குக் கோடியில் எங்கள் பக்கமாக வயிறு தள்ளியிருந்தது. கிழக்குக் கோடியில் பெரியப்பா பக்கமாக வயிறு தள்ளியிருந்தது. நடுவில் மட்டும் ஒழுங்காக இருந்தது. யாராவது புத்தியுள்ளவர்கள் இப்படி ஒரு வரப்பு போடுவார்களா?

செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினேன். காலால் துழாவினேன். சேற்றுக்கு அடியில், பாதத்துக்குக் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. பல வருஷம் மிதிபட்டு இறுகிப்போன பழைய வரப்பின் அடிமண். அதைக் காலாலேயே தடவிக்கொண்டு நடந்தேன். அது வளையவே இல்லை. கிழக்கே காட்டாமணக்குப் புதருக்குள் ஒரு சர்வே கல்லில் போய் முடிந்தது. மேற்கேயும் ஒரு கல். இரண்டுக்கும் நடுவே, சேற்றுக்கு அடியில், நூல் பிடித்த மாதிரி ஒரே நேர்கோடு!

எனக்கு உடம்பு புல்லரித்தது. மேலே தெரிவது பிற்காலத்தில் யாரோ கெடுத்தது. கீழே இருப்பதுதான் தாத்தா எழுதிய மூலம். கேசட்டின் எண்களை வைத்து நிரலைக் கண்டுபிடிப்பவளுக்கு, சேற்றை வைத்து வரப்பைக் கண்டுபிடிப்பது ஒரு விஷயமா?

“அண்ணே, கல்லுக்குக் கல்லு கயிறு கட்டுங்க. நேரா எழுப்பிடுவோம்.”

மாரியப்பன் அண்ணன் என்னைப் பார்த்தார். ‘சொன்னால் கேட்க மாட்டாள்’ என்பதுபோல் கையை விரித்த செல்வியக்காவைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

“பாப்பா, அந்தக் கோடியில கொஞ்சம் வளைவு இருக்கும்ங்க…”

“வளைவெல்லாம் தப்புண்ணே. ஒரிஜினல் இதுதான்.”

“அப்பா வந்துடட்டுமே?”

“அப்பா வர்றப்ப பாத்து அசந்துடணும்.”

“அசருவாருங்க” என்றார் அவர். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் உள்ளே போனது. கயிற்றைக் கட்டினார். சாயங்காலம் அவர் டீக்கடையில் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் மறுநாளிலிருந்து ஊரில் பார்ப்பவர்கள் எல்லாம் என்னிடம் தனிப் பிரியத்தோடு, “அப்பா எப்பம்மா வர்றாங்க?” என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தராவது காரணத்தைச் சொல்லித் தடுத்தார்களா? ஊஹூம். நல்ல வேடிக்கையை யார் கெடுத்துக்கொள்வார்கள்!

வேன் வந்து சேர்ந்தது. அப்பாவும் பெரியப்பாவும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டபடி இறங்கினார்கள். கோடியக்கரையில் சின்னப் பையன்கள் மாதிரி மான் பார்த்தார்களாம். நாகப்பட்டினத்தில் வாங்கிய கருவாடு வேனெல்லாம் மணந்தது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று முடிவு செய்தேன். நடந்ததைச் சொல்லி, “ஆனா கவலப்படாதீங்க, முன்ன இருந்தத விட நல்லா கட்டியாச்சு, வாங்க” என்று இருவரையும் வயலுக்கு அழைத்துப் போனேன். எங்களுக்கு முன்னாலேயே அங்கே ஒரு கூட்டம் தற்செயலாக நின்றுகொண்டிருந்தது.

வரப்பு பளபளவென்று சேறு பூசி, கோடு கிழித்த மாதிரி கிடந்தது. இரண்டு பேரும் பார்த்தார்கள். பெரியப்பா மெதுவாக மேற்கே நடந்தார். அப்பா மெதுவாகக் கிழக்கே நடந்தார். இருவரும் கோடிக்குப் போய் நின்றார்கள். அசந்துவிட்டார்கள் என்று நினைத்து, அடிமண்ணைக் காட்டச் சேற்றில் இறங்கி நின்று பேச ஆரம்பித்தேன்.

“இந்தக் கல்லுலேர்ந்து அந்தக் கல்லு வரைக்கும் நேர்கோடு பெரியப்பா. அடியில கெட்டி மண்ணு இருக்கு, கால வச்சுப் பாருங்க. தாத்தா போட்டது இப்படித்தான் இருந்துச்சு. அப்பறம் யாரோ ஒவ்வொரு வருஷமும் அண்டை வெட்டி வரப்பச் சீர் பண்றப்ப, கொஞ்சம் கொஞ்சமா இந்தப் பக்கம் செதுக்கி அந்தப் பக்கம் அப்பி, நகத்தியிருக்காங்க. மேக்கால நம்ம வயலுக்குள்ள, கெழக்கால உங்க வயலுக்குள்ள. ரெண்டையும் கண்டுபுடிச்சு சரி பண்ணிட்டேன்!”

கூட்டத்தில் ஒருவர் இருமினார். இருமல் தொற்றுநோய்போல எல்லாருக்கும் வந்தது.

அந்த இருமலில்தான் எனக்கு உறைத்தது. மேற்குக் கோடியில் வருஷா வருஷம் அண்டை வெட்டுவது பெரியப்பா. கிழக்குக் கோடியில் வெட்டுவது அப்பா. யாரோ என்று நான் சொன்ன இரண்டு பேரும் என் கண்ணெதிரே இரண்டு கோடியில் நின்றார்கள், தங்கள் தங்கள் திருட்டுக்குக் காவலாக.

“ஏண்டா, எங்கிட்டேர்ந்து இவ்வளவா வெட்டியிருக்க?” என்று பெரியப்பா அங்கிருந்து கத்தினார்.

“நீ மட்டும் என்னண்ணே? அங்க பாரு, நீ நிக்கிற எடம் பூரா என்னுது!”

“நான் வெட்டுனத நீ பாத்தியா?”

“அதான் எம்பொண்ணு சேத்துக்குள்ளேர்ந்து எடுத்துக் காட்டுறாளே!”

“உம்பொண்ண விட்டு ஊரக் கூட்டி என்னைய திருடனாக்குற! பத்திரிகை வச்ச கையோட இதுவா? நீ ஒன்னும் கல்யாணத்துக்கு வந்து முன்ன நிக்க வேணாம்டா!”

“நான் வரல. நீ வந்து கூப்ட்டாலும் வரல.”

அப்பா கையில் மிச்சமிருந்த பத்திரிகைக் கட்டைப் புது வரப்பின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். கூட்டம் திருப்தியாகக் கலைந்தது. நான் அந்த நேரான வரப்பின் மேல் ஏறித் தனியாக நின்றேன். அவ்வளவு அழகான வரப்பு அந்தப் பக்கத்தில் எவர் வயலிலும் கிடையாது. அதைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது.

செல்வியக்காவைப் பார்க்கப் போனேன். பெரியம்மா வாசலிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா கொல்லைப்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

“தப்பத் திருத்தத்தானக்கா நெனச்சேன்” என்றேன்.

அவள் கையில் இருந்த துணியை உதறினாள். என் முகத்தில் தண்ணீர் தெறிக்க வேண்டும் என்றே உதறினாள்.

“கீரி செவுத்துக்குள்ள பூந்து போகுதே, அதுவும் தப்புதான? அத திருத்திட்டியா?”

“அய்யோ, அத எப்படித் திருத்துறது?”

“ஏன்?”

“அத நம்பித்தான எல்லாரும் ஆடுறாங்க? திருத்துனா ஒருத்தராலயும் தாண்ட முடியாது.”

“அப்ப வரப்ப மட்டும் ஏண்டி திருத்துன?”

போலந்துக்காரரிடம் நான் எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் கப்பலேறி வந்து என் கன்னத்தில் அறைந்தது.

மறுநாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தனியாக வயலுக்குப் போனேன். நேர்வரப்பைக் கோணலாக்குவது என்று தீர்மானம். ஆனால் எப்படிக் கோணல்? எவ்வளவு கோணல்? கரைந்த தடத்தை அப்போதே அளந்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. தப்பை யார் அளப்பார்கள்? கிழக்குக் கோடியில் குத்துமதிப்பாக வெட்டி, மண்ணைப் பெரியப்பா பக்கமாகத் தள்ளி அப்பினேன். தள்ளிப் போய் நின்று பார்த்தேன். யானை படுத்த மாதிரி இருந்தது. இடித்துவிட்டு மறுபடி அப்பினேன்.

பின்னால் ஒரு செருமல். அப்பா. என் மேல் கோபம் தீரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

“அங்க இல்ல. இன்னும் ரெண்டு சாண் தள்ளி.”

அப்பிக்கொண்டிருக்கும்போதே வரப்பின் மறுகோடியிலிருந்து ஒரு குரல்.

“ரெண்டு சாணா? ஒன்னரைதான் வெட்டுன! இப்ப ரெண்டுங்கிற!”

பெரியப்பா எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. இடுப்பில் கை வைத்திருந்தார்.

“ஒன்னரைன்னு உனக்கு எப்படிண்ணே தெரியும்?”

“எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு வருசமும் நீ வெட்டிட்டுப் போனதும் வந்து சாண் போட்டுப் பாத்துட்டுத்தான, அதே அளவு நான் இந்தப் பக்கம் வெட்டுவேன்!”

அப்பா வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு சொன்னார்: “நீ வெட்டுறியேன்னுதானண்ணே நான் வெட்டுனேன்.”

யார் முதலில் வெட்டியது என்பது தீரவே இல்லை. ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் வரைக்கும் பின்னால் போனார்கள், அதற்கும் பின்னால் போனார்கள். பேசிக்கொண்டே பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிச் சேற்றில் இறங்கினார். அப்பா என் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். “இங்க ஒரு புடைப்பு இருக்கும்ணே.” “தெரியும்டா, நான் அப்புனதுதான அது.” “இந்த எடத்துல ஒரு வெரக்கட மண்ணு அதிகமா வச்சுட்ட.” “சரி, வழிச்சுடு.” இரண்டு பேரும் தாங்கள் திருடியதைத் தாங்களே ஒரு பிடி மண் கூடாமல் குறையாமல் திரும்ப எழுப்பினார்கள். நான் என் தொழிலில் அப்படி ஒரு பொருத்தத்தைப் பார்த்ததில்லை. எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை திட்டு வாங்குவது. ஒருவர் களைத்ததும் இன்னொருவர் தொடர்ந்தார்.

“ஒரு மோட்டார நிறுத்தத் தெரியல, தாத்தா வரப்பக் கண்டுபுடிக்கிறாளாம்!”

“எல்லாம் நீ குடுத்த செல்லம்டா.”

“நீதானண்ணே அந்தக் கீரிப் பெட்டிய வாங்கியாந்து குடுத்த!”

வெயில் ஏறியபோது வரப்பு பழைய கோணலோடு கிடந்தது. இருவரும் அதன் மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சொம்பில் தண்ணீர் குடித்தார்கள். எனக்குக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால், தண்ணீர்க்கோட்டை பச்சையாக இருந்தது. நான் இல்லாத நேரத்தில் ஒரு பிரேசில்காரர் பொருத்திவிட்டார். தண்ணீர் மட்டம் தண்ணீர் மட்டத்துக்குச் சமம் என்று, ஒன்றுக்கும் உதவாத ஒரு வரியை நடுவில் சேர்த்திருந்தார். ஜப்பானில் எவரோ தூக்கக் கலக்கத்தில் எழுதிய வரியாக இருக்கும். அது எனக்கும் தோன்றியதுதான். இவ்வளவு அசட்டுத்தனமாக ஒருவர் எழுதியிருக்க மாட்டார் என்று, அவருடைய கௌரவத்தைக் காப்பாற்ற நானே தள்ளி வைத்திருந்தேன். அந்தப் போலந்துக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன். அவர் பதில் போடவில்லை. நியாயம்தான்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அப்பா முன்னால் நின்றார். பெரியப்பாவைவிட அரை அடி முன்னால் நின்றார் என்று பெரியம்மாவுக்கு ஒரு வருத்தம். தாலி ஏறும்போது நான் செல்வியக்காவுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். போட்டோக்காரர் குடும்பத்தை வரிசையாக நிற்க வைத்து, “எல்லாரும் ஒரே நேரா நில்லுங்க” என்றபோது பெரியப்பா மேடையிலிருந்தே கத்தினார்: “தம்பி, நேரா மட்டும் நிக்க வைக்காத! இப்பத்தான் சமாதானம் ஆயிருக்கோம்.” அந்த போட்டோவில் மாப்பிள்ளை வீட்டாரைத் தவிர எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது நான் சென்னைக்கே வந்துவிட்டேன். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் அதன் பிறகு சண்டை வரவே இல்லை. திருந்திவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு புரட்டாசியிலும் அண்டை வெட்டி முடித்ததும் வரப்பு எங்காவது கொஞ்சம் நகர்ந்துதான் இருக்கிறது. முன்பென்றால் பேச்சு அறுந்திருக்கும். இப்போது எனக்கு போன் வருகிறது. போன வருஷம் வீடியோவிலேயே வந்தார்கள். பெரியப்பா போனை வரப்புக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்.

“பாப்பா, கெழக்கால ஒரு சாண் உள்ள வந்துருக்கு பாரு. யாரு வேலை இது?”

அவருக்குப் பின்னால் அப்பா மண்வெட்டியில் ஒட்டியிருந்த ஈரச் சேற்றை அவசரமாக வழித்துக்கொண்டிருந்தார்.

“வேற யாருண்ணே? எல்லாம் பாப்பா வேலையாத்தான் இருக்கும்.”

“நான் சென்னையில இருக்கேன் பெரியப்பா.”

“அங்கேர்ந்தே பண்ணிட்டியா? நீ படிச்ச படிப்புக்குப் பண்ணுவ.”

திரைக்குள் இரண்டு பேரும் சிரித்தார்கள். வருஷா வருஷம் சொல்வதைத்தான் நான் அப்போதும் சொன்னேன்: “தெரியாமப் பண்ணிட்டேன் பெரியப்பா. இனிமே தொட மாட்டேன்.”